ஞானம்மா நடத்திய பவனி

ஞானம்மாவுக்குக் கல்யாணம் ஆகும்வரை பாஞ்சாலி என்று பெயர். மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவள். மண்ணூருக்கு மேற்கே புங்கந்தாங்கல் காலனியில் ஒரு வேதக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசி முடித்தார்கள். தாலி கட்டுவதற்கு முந்தின நாள் போதகர் வந்து தலையில் தண்ணீர் தெளித்து ஞானம்மா என்று பேர் வைத்தார். நெற்றிப் பொட்டை மாமியார் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். "பேரு மாறிட்டா களையெடுக்கற கை மாறிடுமா? நீ பாட்டுக்கு இரு" என்று ஆறுதலும் சொன்னாள். அப்படித்தான் இருந்தது. வாரம் முழுக்க மண்ணூர்ப் பெரிய வீட்டுக் கழனியில் நாற்றும் களையும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சேலை.

காலனியில் பாதி வேதக்காரர்கள், பாதி பொன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சொந்தம், சண்டை, கிணறு எல்லாம் ஒன்றுதான். ஓட்டுக்கூரை போட்ட ஒரே கட்டடம் வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தால் அது பலிபீடம். போதகர் மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். மற்ற வாரங்களில் சபை மூப்பர் அப்பாவுதான் ஜெபம் வாசிப்பார். காலனியில் சொந்தமாக நிலம் வைத்திருந்த ஒரே ஆள் அவர். அதனால் அவர் குரலுக்கு ஆமென் கொஞ்சம் சத்தமாகவே வரும்.

பிள்ளைகளுக்கு வாசல் ஓரத்தில் ஒரு பாய். பிரசங்கம் ஆரம்பிக்கும்போது அந்தப் பாயும் கிடையாது. "புள்ளைங்கள வெளிய முடுக்குங்க" என்று மூப்பர் சொல்வார். யாராவது ஒரு பெண் எழுந்து அவர்களைக் கோழி விரட்டுவதுபோல் விரட்டிவிட்டு வருவாள். பாட்டு, ஜெபம், காணிக்கை என்ற வரிசையில் அதுவும் ஆராதனையின் ஒரு பகுதி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஞானம்மாவும் சில வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் மகன் சிறுவனாக இருந்தபோது ஒரு கோழிக்குஞ்சை வளர்த்தான். அது பெட்டையாகி முதல் முட்டை இட்டது அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம். அறுப்பு முடிந்து, மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நெற்கதிர், பூசணி, வேர்க்கடலை, கோழி, ஏரியில் பிடித்த விரால் என்று மேஜையைச் சுற்றிக் குவிந்துவிடும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வாசலில் ஏலம் விடுவார்கள். மகன் அந்த முட்டையை இரண்டு கையிலும் பொத்திக்கொண்டு வந்தான். வாசலில் அப்பாவு அதை வாங்கிக்கொண்டார்.

"குடுறா, ஒடச்சிடப் போற."

வாங்கியவர் தன் வீட்டு முட்டைகள் இருந்த கூடையில் அதையும் போட்டார். அந்தக் கூடையை அவர் மகள் தலையில் பூ வைத்துக்கொண்டு மேஜைக்கு எடுத்துப் போனாள். ஏலத்தில் "மூப்பர் வூட்டு முட்டை" என்று கூவினார்கள். பையன் ஞானம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்.

"யம்மா, என் முட்ட எதும்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. எல்லா முட்டையும் வெள்ளையாக இருந்தது. அடுத்த ஞாயிறு அவன் கோயிலுக்கு வரவில்லை. அடித்தாள், வரவில்லை. வளர்ந்து, பெரம்பூரில் வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டான். அவன் கல்யாணத்துக்குக்கூடக் கோயில் படி மிதிக்கவில்லை. ஒரு முட்டைக்கா என்று காலனியே கேட்டது. ஞானம்மா கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் பிரசங்க நேரத்தில் பிள்ளைகளோடு வெளியே போய் உட்கார ஆரம்பித்தாள். கோயிலுக்குப் பின்னால் புங்கமரம். அதன் அடியில் பாட்டு சொல்லிக்கொடுத்தாள், கைதட்டச் சொல்லிக்கொடுத்தாள், தெரிந்த கதைகளைச் சொன்னாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் டீச்சரம்மா என்றார்கள். பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், சிரித்துக்கொண்டே. பிள்ளைகளை மேய்க்க ஒரு ஆள் கிடைத்ததில் அவர்களுக்கு நிம்மதி. பாட்டுச் சத்தம் கேட்டுப் பொன்னியம்மன் வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் யாரையும் யார் வீடு என்று கேட்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பண்டிகை அன்றைக்குப் பிள்ளைகள் கொண்டுவருவதைப் பிள்ளைகளே உள்ளே எடுத்துப்போய் மேஜையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கேட்டாள்.

"கோயில சந்தையாக்கச் சொல்றியா?" என்றார் அப்பாவு.

"ஏலம் வுடறப்ப மட்டும் அது சந்தை இல்லியா அண்ணாத்தே?"

கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அப்பாவு சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவர் மறக்கவும் இல்லை.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ராஜாமணி என்ற இளம்போதகர் மாற்றலாகி வந்தார். ஞானம்மா அவரிடமும் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, பிள்ளைகளுக்கு வாசலிலிருந்து பலிபீடம்வரை பவனி வைக்கலாம் என்றார். அப்பாவு சம்மதித்த விதம் இப்படி இருந்தது:

"ஒரு வருசம் பாக்கலாம் ஐயா. ஆனா ஒண்ணு. அதுல எதுனா கோளாறு வந்துச்சின்னா, பவனியும் இல்ல, மரத்தடி கச்சேரியும் இல்ல. டீச்சரம்மா வூட்ல குந்திக்கினு பாட வேண்டியதுதான்."

ஞானம்மா சரி என்றாள். அந்த மாதம் முழுக்க அவள் பிள்ளைகளை வரிசையில் நடக்கப் பழக்கினாள். எதைக் கொண்டுவருவது என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில் சொன்னாள். "உன்னாண்ட இருக்கறதுல எது உனக்கு ரொம்பப் புடிக்குமோ அத்த கொண்டா. அம்மா குடுத்தனுப்பறத இல்ல. நீயா குடுக்கறத."

காலனியின் பின்வரிசை வீட்டு எல்லப்பன் மகள் செங்கமலம் மட்டும் இன்னொன்று கேட்டாள். பொன்னியம்மன் வீட்டுப் பெண், எட்டு வயதிருக்கும். பாட்டில் அடிக்கடி அடுத்த வரி மறந்துவிடும் அவளுக்கு. மறந்ததும் பாடுவதை நிறுத்திவிட்டு நேராக ஞானம்மாவின் வாயைப் பார்ப்பாள். ஞானம்மா சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பாள்.

"டீச்சரம்மா, குடுத்துட்டு எதுனா கேட்டா, சாமி குடுப்பாரா?"

"புள்ளைங்க கேட்டா மொதல்ல காது குடுப்பாரு" என்றாள் ஞானம்மா. சொல்லும்போது அவள் கவனம் வரிசையில் இருந்தது. முன்னால் நின்றவன் சட்டையைப் பின்னால் நின்றவன் இழுத்துக்கொண்டிருந்தான்.

பண்டிகை அன்று விடிந்ததிலிருந்தே புங்கமரத்தடியில் ஒரே கூச்சல். ஒருத்தன் கையில் கொடுக்காப்புளி, ஒருத்தியிடம் மரப்பாச்சி, ஒருவன் பம்பரத்தைக் கொண்டுவந்துவிட்டு அழுதுகொண்டிருந்தான். மணி அடிக்கப்போகும் நேரத்தில் செங்கமலம் வந்தாள். இடுப்பில் தம்பியைத் தூக்குவதுபோல் ஒரு செந்நிறச் சேவலை இடுக்கிக்கொண்டிருந்தாள். கால்கள் இரண்டும் வைக்கோல் பிரியால் கட்டியிருந்தன. பிரிக்கு மேலே ஒரு காலில் மஞ்சள் நனைத்த நூல்.

ஞானம்மா வேறு எதையும் பார்க்கவில்லை, அந்த நூலைத்தான் பார்த்தாள். பாஞ்சாலியாக இருந்தபோது அவள் கையாலேயே அப்படி எத்தனையோ நூல் கட்டியிருக்கிறாள். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். ஆடிமாதம் கூழ் ஊற்றும்போது அறுப்பதற்கு.

"எங்கேர்ந்துடீ கொண்டாந்த?"

"எங்க வூட்டுதுதான்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

செங்கமலம் சேவலின் கழுத்தைத் தடவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி பாபுக்கு அம்ம எறங்கிடிச்சி. கண்ணுல மட்டும் நிக்குது. மொட்டா வெள்ளையா. அம்மா பொன்னியம்மாவுக்கு வேண்டிக்கினு இதுக்கு நூலு கட்டிச்சி. ஆனா பொன்னியம்மா ஆடிக்குத்தான வருவா. அதுக்குள்ள கண்ணு பூட்டா? இவரு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர்றாரில்ல?"

கோயிலுக்குள் மணி அடித்தது. வாசலில் அப்பாவு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார். வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிச் செங்கமலத்தின் சேவலைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய காணிக்கை வேறு யார் கையிலும் இல்லை.

இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், வாசலில் ஒரு பிள்ளையின் கையை மறித்த ஆள் அவளாக இருப்பாள். அதுவும் பவனியின் முதல் நாளில். ஞானம்மா குனிந்தாள். கத்தி தேட நேரமில்லை. சேவலின் காலைத் தூக்கிப் பல்லால் கடித்து நூலை அறுத்தாள். துப்பினாள். மஞ்சள் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"போ, கடைசில நில்லு. யாராண்டயும் எதுவும் சொல்லாத" என்றாள்.

பவனி நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டே உள்ளே வந்தபோது பெரியவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, கொண்டுவந்ததை இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்தார். பம்பரத்தைக்கூட வைத்தார். செங்கமலம் சேவலைக் கொடுத்துவிட்டு, கைகூப்பி, உதடு அசையக் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன கேட்டாள் என்று ஞானம்மாவுக்கு மட்டும் தெரியும். ஜெபத்தின் நடுவில் மேஜைக்கடியிலிருந்து சேவல் கூவியது. சபை மொத்தமும் சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டார். கோயிலுக்குள் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்ததை ஞானம்மா அன்றைக்குத்தான் முதலில் கேட்டாள்.

ஏலத்தில் அந்தச் சேவலுக்குப் போட்டி பலமாக இருந்தது. அப்பாவு விட்டுக்கொடுக்கவில்லை. தான் பவனிக்கு எதிரி இல்லை என்று காட்டிக்கொள்ள அவருக்கு அது ஒரு வழி. மூன்று தரம் கூவி முடித்ததும் சேவலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மத்தியானமே மசாலா வாசனை தெருக்கோடிவரை வந்தது.

மறுநாள் காலையில் அம்சவல்லி மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஞானம்மாவின் வாசலுக்கு வந்தாள். எல்லப்பன் மனைவி, குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"எங்க ஞானம்மா எஞ்சேவலு? புள்ள கண்ணுக்குன்னு நேர்ந்து வுட்டத கொண்டாந்து உங்க மேசைல வெச்சி ஏலம் போட்டீங்களாமே! கேக்க நாதியில்லன்னு நெனச்சிக்கினியா? காலுல நூலு கட்டி வெச்சிருந்தனே, உனுக்குக் கண்ணு அவிஞ்சா பூடுச்சி?"

ஞானம்மா பதில் சொல்வதற்குள் செய்தி மூப்பர் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே மிச்சக் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தார்கள். மூப்பரின் மனைவி சட்டியைத் தெருவில் கொண்டுவந்து கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு வாசலிலேயே குந்தி வாந்தி எடுத்தாள். அப்பாவு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவில் நின்றார். ஜென்மம் முழுக்க விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடாதவர் அவர். ஆடிமாதத்தில் பக்கத்து வீட்டுக் கூழ் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துகிறவர்.

"எவ்வயித்துல பொன்னியம்மன் கோழி கெடக்குதுய்யா!" என்று கத்தினார்.

"அப்ப ஆடிக்கு வந்து கூழும் ஊத்திட வேண்டியதுதான மூப்பரே" என்று கிணற்றடியிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலனி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று அப்பாவு முடிவு செய்துகொண்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையைக் கூட்டி விசாரிப்பது என்று ஏற்பாடாயிற்று. எல்லப்பன் குடும்பத்தையும் வரச் சொன்னார்கள். போதகர் டவுனிலிருந்து வந்ததும் நேராகக் கோயிலுக்குள் போகவில்லை. புங்கமரத்தடிக்கு வந்தார். அன்றைக்கு அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை.

"ஞானம்மா, நூல் இருந்ததா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ளே உங்களைக் கேட்பாங்க. நீங்க பார்க்கலைன்னு சொல்லிட்டா, இது ஏதோ ஒரு சின்னப் பொண்ணு செஞ்ச தப்போட முடிஞ்சிடும். பார்த்தேன்னு சொன்னீங்கன்னா பவனி போச்சு. இந்த வகுப்பும் போச்சு. அப்புறம் நானே நெனச்சாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கியவர். அவருக்கும் அந்தப் பவனி வேண்டியிருந்தது.

ஞானம்மா கோயிலைச் சுற்றி வாசலுக்கு வரும்வரை யோசித்தாள். அடி எப்படியும் செங்கமலத்துக்குத்தான் விழப்போகிறது, விழுந்தும்விட்டது. உண்மையைச் சொல்வதால் அவள் கன்னத்து வீக்கம் வற்றிவிடப்போவதில்லை. சொல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளுக்காவது மேஜைவரை போக ஒரு வழி இருக்கும். ஒரு பிள்ளை, இத்தனை பிள்ளைகள். களத்தில் நெல் தூற்றுகிறவள் அவள். தூற்றும்போது கொஞ்சம் மணி பதரோடு பறந்துவிடுவது சகஜம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு படி ஏறினாள்.

உள்ளே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் பாயில் எல்லப்பனும் அம்சவல்லியும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் செங்கமலம். கன்னம் ஒருபக்கம் வீங்கியிருந்தது.

அப்பாவு எழுந்து நின்று கேட்டார்.

"டீச்சரம்மா, நீ பொறந்த வூடு எதுன்னு அல்லாருக்கும் தெரியும். நேர்ந்துவுட்ட சேவலு எப்பிடி இருக்கும்னு உனுக்குத் தெரியாம இருக்காது. காலுல நூலு இருந்துச்சா, இல்லியா?"

"நான் பாக்கல" என்றாள் ஞானம்மா.

"நூலு இருந்துச்சா, இல்லியா?"

"என் கைக்கு வரும்போது நூலு எதுவும் இல்ல."

"அப்ப இந்தப் பொண்ணே அறுத்துப்போட்டுட்டு உன்ன ஏமாத்திக் கொண்டாந்துதா?"

அதற்கு அவள் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். பார்க்கவில்லை என்றதோடு அவள் காரியம் முடிந்துவிட்டது. போதகர் கேட்டதும் அவ்வளவுதான்.

"அப்பிடித்தான் இருக்கணும்" என்றாள்.

செங்கமலம் நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, மூப்பரைப் பார்க்கவில்லை. பாட்டில் அடுத்த வரி மறந்துபோனால் பார்ப்பதுபோல், நேராக ஞானம்மாவின் வாயைப் பார்த்தாள். எடுத்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தாள். ஞானம்மா உதட்டை அசைக்கவில்லை. மேஜைமேல் விரித்த வெள்ளைத் துணியின் விளிம்பில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருட்டு முண்ட!" என்று அம்சவல்லி மகளின் முதுகில் அறைந்தாள். "அறுத்தது வேற நீயா? தம்பி கண்ணு மேல உனுக்கு இன்னாடி வயித்தெரிச்சலு?"

எல்லப்பன் அவள் கையைப் பிடித்தான். "கோயிலுக்குள்ள அடிக்காத. வூட்டுக்கு வா" என்றான்.

அப்பாவு பெரிய மனசு பண்ணித் தன் வீட்டிலிருந்து ஒரு சேவலைக் கொடுத்தனுப்பினார். அம்சவல்லி அதைத் திருப்பி அனுப்பினாள். நேர்ந்தது ஒன்று, கடனுக்குக் கொடுப்பது ஒன்று, அம்மனுக்கு வித்தியாசம் தெரியாதா என்று கேட்டாளாம். ஆடி பிறப்பதற்கு முன்பே பாபுவின் ஒரு கண் முழுதாக வெளுத்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அம்மை போட்டபோதே கருவிழி புண்ணாகிவிட்டது, எப்போதோ போயிருக்க வேண்டிய கண் என்றார்கள். எல்லப்பன் அதைக் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொன்னான். அம்சவல்லி காதில் அது ஏறவில்லை. அவளுக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே பாவாடை கட்டிக்கொண்டு நடமாடியது. செங்கமலத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். பாபுவின் கையைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதும் அவள் வேலை. பிறகு செங்கல் சூளை.

பவனி நிற்கவில்லை. சபை ஒரு திருத்தம் மட்டும் செய்தது: ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் மட்டும். மரத்தடி வகுப்புக்கும் அதே விதி. ஞானம்மா ஒப்புக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பொன்னியம்மன் வீட்டுப் பிள்ளைகள் வழக்கம்போல் வந்து நின்றபோது அவளே, "வூட்டுக்குப் போங்க கண்ணுங்களா" என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் கொஞ்ச தூரம் போய், வரப்பில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே பாட்டுக்குக் கைதட்டினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அதுவும் நின்றது.

வருஷம் போகப் போகப் பவனி பெரிதாயிற்று. பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், ரிப்பன். கட்டடம் மாறி, கான்கிரீட் கூரை வந்தது. உண்மையான பலிபீடம் வந்தது. பக்கத்துச் சபைகளிலிருந்து பார்க்க வந்தார்கள். ஒருமுறை பேராயர் வந்து, குழந்தைகளின் கையிலிருந்து காணிக்கை வாங்குவதற்கு மற்ற சபைகள் புங்கந்தாங்கலிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார்.

"எங்க சபைல இது ரொம்ப நாள் வழக்கமுங்க" என்றார் அப்பாவு, தலை நரைத்து, கையில் தடியோடு.

பேராயர் ஞானம்மாவை முன்னால் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மகன் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தான். சால்வையை எடுத்துப் பார்த்தான். "நல்லா கீதும்மா" என்றான். கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆராதனை நேரம் முழுக்க வீட்டிலேயே இருந்துவிட்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான்.

பவனிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது அவள் ஒன்றை மட்டும் சொல்வதை விட்டுவிட்டாள். எது உனக்கு ரொம்பப் பிடிக்குமோ அதைக் கொண்டுவா என்பதை. அம்மா கொடுப்பதைக் கொண்டுவந்தால் போதும் என்றாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாழைப்பழமும் தேங்காயும் பிஸ்கட் பொட்டலமும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. யாரும் எதையும் கொடுத்துவிட்டு அழவில்லை. எந்தப் பிள்ளையும் மேஜைமுன் உதடு அசைய நிற்கவில்லை.

எண்பதுகளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. கழனியில் நடவுக்கு ஆள் குறைந்தது. ஒரு மாசி மாதம், பண்டிகைக்கு வேண்டிய ரிப்பன் வாங்க டவுனுக்குப் போகலாம் என்று ஞானம்மா மண்ணூர்க் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயதைத் தாண்டியிருந்தாள். கம்பெனி வேனுக்காக நின்றிருந்த பெண்களில் ஒருத்தி டிபன் பையோடு அவளிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, என்னத் தெரியுதா? எல்லப்பன் பொண்ணு. செங்கமலம்."

தெரிந்தது. தூரத்தில் வரும்போதே தெரிந்தது. இத்தனை வருஷம் அதே காலனியில், கிணற்றடியில், ரேஷன் கடையில் எங்கே பார்த்தாலும் இருவரில் ஒருவர் விலகிப் போய்விடுவது பழக்கமாகியிருந்தது. அவள் வெட்கப்பட்டு விலகுகிறாள் என்றும், தான் விலகுவது யாருக்கும் தெரியாது என்றும் ஞானம்மா நினைத்திருந்தாள்.

"எப்பிடிம்மா கீற? பாபு நல்லா கீறானா?"

"கீறான். ஒத்தக் கண்ணுன்னு கம்பெனில எடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஆடு ஓட்டிக்கினு கீறான். எனுக்குத்தான் ஷிப்டு. நான் போனாத்தான் அடுப்பு எரியும்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தாள். "உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா. பயந்துக்கினே இருந்துட்டேன்."

சொல்லட்டும் என்று ஞானம்மா நின்றாள். இத்தனை வருஷத்தில் பலமுறை இந்தப் பேச்சை அவள் மனதுக்குள் கேட்டிருக்கிறாள். எந்த வார்த்தையால் திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று எப்போதோ தீர்மானித்திருந்தாள்.

"அன்னிக்கி நான் உங்கள ஏமாத்திட்டேன் டீச்சரம்மா" என்றாள் செங்கமலம். "சின்ன புத்தி. நேர்ந்தது தெரியாம நீங்க வாங்கி உள்ள அனுப்பினீங்க. எனக்கோசரம் அத்தினி பேர் எதிர்ல உங்கள நிக்க வெச்சிக் கேள்வி கேட்டாங்க. அம்மா அடிக்கும்போதெல்லாம் நெனச்சிக்குவேன், டீச்சரம்மாவ ஏமாத்தினதுக்கு இது வேணும்னு."

ஞானம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிறாளா என்று பார்த்தாள். இல்லை. கண் கலங்கியிருந்தது. எல்லோரும் சொல்லிச் சொல்லி, அடித்து அடித்து, நடந்தது எதுவோ அது அவளிடமிருந்து கழன்று போய்விட்டிருந்தது. சபையில் சொன்னதுதான் அவள் மனதில் நடந்ததாக இருந்தது. அப்படி இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

ஞானம்மா வாயைத் திறந்தாள். செங்கமலம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. "ஏறுங்கம்மா, லேட்டாவுது!" என்று டிரைவர் கத்தினான்.

"மனசுல வெச்சிக்காதீங்க டீச்சரம்மா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"இன்னாத்துக்கு அதெல்லாம்" என்றாள் ஞானம்மா. குரல் தெளிவாகத்தான் வந்தது. "தெரியாத வயசுல செஞ்சது. நான் எப்பவோ மறந்துட்டேன். போ, வேன் நிக்குது."

செங்கமலம் அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாரம் இறங்கினவள்போல் ஓடிப்போய் வேனில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். வேன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்பிப் போயிற்று.

பின்னாலேயே வந்த பஸ்ஸில் ஞானம்மா டவுனுக்குப் போய், ரிப்பன் வாங்கிக்கொண்டு வந்தாள்.